சேறும் சருகும்: புதுச்சேரிக்கு வரும் பறவைகள் எதைத் தேடி வருகின்றன?

புதுச்சேரியில் மார்கழி, தை மாத அதிகாலைகளில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்கு மிகவும் கீழே இறங்குவது அரிது. வடக்கே பனி பொழியும் காலத்தை நாம் இங்கே மழையாலும், மழை விட்டுச்செல்லும் நீராலும்தான் அறிகிறோம். ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி ஏப்ரல் வரை இந்தக் கடலோரத்துக்கு வந்து தங்கும் வலசைப் பறவைகளைப் பற்றிப் பேசும்போது, ‘குளிருக்குப் பயந்து வருகின்றன’ என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். அதில் பாதிதான் உண்மை. அவற்றை வடக்கிலிருந்து கிளப்புவது குளிரும் அதனால் உறைந்துபோகும் உணவும். இங்கு வந்தபின் எந்த ஏரியில், எந்த வாரத்தில், எந்த மரத்தடியில் இறங்குவது என்பதை முடிவு செய்வது உணவு மட்டுமே. அந்த உணவோ, நாம் அசுத்தம் என்று ஒதுக்குகிற இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. ஒன்று, ஏரி ஓரத்துச் சேறு. மற்றொன்று, பூங்கா மரத்தடியில் மக்கிக் கிடக்கும் சருகு. புதுச்சேரியிலும் அதைச் சுற்றியுள்ள கடலூர், விழுப்புரம் மாவட்டப் பகுதிகளிலும் குளிர்காலத்தில் பறவை பார்க்க விரும்புகிறவர் இந்த இரண்டையும் கவனிக்கப் பழகினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் நீரைப் பார்க்கலாம். இப்பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. புதுச்சேரி வட்டாரத்தில் 80-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றுள் பெரியது ஊசுட்டேரி; அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகவும், பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகவும் நீர் வந்து சேர்கிறது. ஆகவே இவ்வேரிகள் நிரம்புவதற்கு உள்ளூர் மழை மட்டும் போதாது. மேற்கே செஞ்சிப் பக்கமும், தென்பெண்ணையின் மேல்பகுதிகளிலும் மழை பெய்து ஆறுகள் ஓட வேண்டும். நல்ல மழை ஆண்டில் நவம்பர் இறுதிக்குள் ஏரி நிரம்பி, உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிகிறது. அப்போது ஏரியைப் பார்க்க வருகிறவர்கள், ‘இவ்வளவு தண்ணீர் இருக்கிறது, வாத்துகளையே காணோமே’ என்று வருந்துவதுண்டு. தண்ணீர் அவ்வளவு இருப்பதே அதற்குக் காரணம்.

நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் முதலிய வலசை வாத்துகள் முக்குளித்து இரை தேடுபவை அல்ல. தலையையும் கழுத்தையும் நீருக்குள் செலுத்தி, வால் வானத்தைப் பார்க்கத் தலைகீழாக நின்று, எட்டிய ஆழத்தில் கிடைக்கும் விதைகளையும் நீர்த்தாவரங்களையும் புழுக்களையும் தின்பவை. நீண்ட கழுத்துடைய ஊசிவால் வாத்துக்குச் சற்று ஆழம் இருந்தாலும் பரவாயில்லை. உருவில் சிறிய நீலச்சிறகிக்கு ஆழம் குறைந்த நீரே ஏற்றது. தட்டைவாயன் இதிலும் வேறுபட்டது. அதன் அலகின் விளிம்பில் மயிரிழை போன்ற மெல்லிய தகடுகள் வரிசையாக அமைந்திருப்பதால், நீரின் மேற்பரப்பை அலகால் அளைந்துகொண்டே சென்று மிகச் சிறிய நீர்வாழ் உயிர்களை வடிகட்டிக்கொள்கிறது. ஆக, வாத்து என்று ஒரே சொல்லால் நாம் குறிக்கும் மூன்று பறவைகளும் ஒரே ஏரியில் மூன்று வெவ்வேறு ஆழங்களில் உண்கின்றன.

கரையோரப் பறவைகளில் இந்த அளவு இன்னும் நுட்பமாகிறது. கொசு உள்ளானின் அலகு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் நீளந்தான்; பறவையின் மொத்த எடையே 30 கிராமுக்குள் அடங்கும். ஈரம் காயாத சேற்றின் மேல்தோலில் இருக்கும் புழுக்களைத்தான் அதனால் எட்ட முடியும். பொறி உள்ளான் கணுக்கால் அளவு நீரில் நடந்தபடி பொறுக்குகிறது. நெடுங்கால் உள்ளானின் இளஞ்சிவப்புக் கால்கள் முழங்கால் ஆழ நீரிலும் நிற்க உதவுகின்றன. ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான அலகுடைய கருவால் மூக்கனோ, வயிறு நனையும் நீரில் நின்றுகொண்டு தலை முழுதும் அமிழச் சேற்றைத் துழாவும். பிப்ரவரி மாதக் காலையில் ஊசுட்டேரியின் சேற்று விளிம்பில் ஒரு கருவால் மூக்கன் கூட்டத்தைத் தொலைநோக்கியில் பொறுமையாகக் கவனித்தால் ஒன்று புலப்படும். பறவை அலகைச் சேற்றில் ஒரே மூச்சில் குத்தி எடுப்பதில்லை. உள்ளே விட்டபடியே தையல் ஊசி ஓடுவதுபோல் சிறு சிறு குத்துகளாக முன்னேறுகிறது. அலகின் நுனியில் உணர்வு நரம்புகள் செறிந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாத இரையை அது தொட்டே அறிகிறது. இரை அகப்பட்டதும் அலகின் நுனியை மட்டும் சேற்றுக்குள்ளேயே திறந்து பற்றிக்கொள்ளவும் அதனால் முடியும்.

இப்படி ஒவ்வொரு பறவைக்கும் ஒரு ஆழம் என்று இருப்பதால், ஏரியில் நீர் இறங்கும் வேகமே பறவைகளின் நாட்காட்டியாகிறது. டிசம்பர் பிற்பாதியிலிருந்து மதகு வழியாக ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரிப் பாசன வயல்களுக்கு, நீர் பாய்கிறது, வெயிலும் ஏறுகிறது. நீர் விளிம்பு நாள்தோறும் சிறிது சிறிதாக உள்நோக்கி நகர, முந்தைய நாள் வரை மூழ்கியிருந்த சேறு புதிதாக வெளிப்படுகிறது. அந்தச் சேற்றில் பல மாதங்களாக நீருக்கடியில் பெருகிய புழுக்களும் பூச்சிகளின் இளம்பருவ உயிர்களும் நிறைந்திருக்கும். காய்ந்துபோவதற்கு முன் அந்தச் சேறு சில நாட்களுக்கே பயன்படும். பிறகு அடுத்த பட்டை திறக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நீர் குறுகக் குறுக மீன்களும் நெருங்கிச் சேரும். அப்போதுதான் கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் ஆகியவை பெருங்கூட்டமாக இறங்குகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை சைபீரியாவிலிருந்து வருபவை அல்ல. தென்னிந்தியாவுக்குள்ளேயே நீர் இருக்கும் இடம் தேடி அலைபவை. ‘வெளிநாட்டுப் பறவைகள்’ என்று செய்திகளில் எழுதப்படும் பெரிய வெண்ணிறப் பறவைகள் பலவும் வேடந்தாங்கலிலோ வேறு ஏதேனும் தமிழ்நாட்டுக் குளத்திலோ கூடுகட்டி வளர்ந்தவையாகவே இருக்கும். உண்மையில் வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து வருவது, யாரும் கவனிக்காத அந்தக் கொசு உள்ளான்தான்.

இங்கே நம் முன்னோர் ஏரி வெட்டிய முறையைச் சொல்லியாக வேண்டும். இந்த வட்டாரத்தில் நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிவதால், பெரும்பாலான ஏரிகளுக்குக் கரையும் மதகும் கிழக்கிலும் உள்வாய் மேற்கிலும் அமைந்துள்ளன. கரையை ஒட்டி ஆழம்; மேற்கே போகப்போக நீர் மெலிந்து, எங்கே ஏரி முடிகிறது, எங்கே புன்செய் தொடங்குகிறது என்று கோடு போட முடியாதபடி பரவிக் கிடக்கும். பறவைகள் உண்ணும் இடம் அந்த உள்வாய். காலையில் கரைமேல் நின்று மேற்கு நோக்கிப் பார்த்தால் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து விழுவதால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகவே தெரியும். கடற்கரையில் இது நேர்மாறு. அங்கே பிற்பகலே ஏற்றது.

அண்மைக் காலத்தில் ஏரிகளைச் சீரமைப்பதாகச் சொல்லி நடக்கும் பணிகளைப் பற்றி எனக்குள்ள கவலை இந்த உள்வாயைப் பற்றியதே. தூர் வாருவது தேவை. வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்த ஏரியால் உழவருக்கும் பயனில்லை, நிலத்தடி நீருக்கும் பயனில்லை. ஆனால் ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டி, ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, சுற்றிலும் கல் பதித்து நடைபாதை அமைத்துவிட்டால், அது நீர் நிறைந்த ஒரு தொட்டியாகிவிடுகிறது. அதில் நீர்க்காகமும் நாமக்கோழியும் முக்குளிப்பானும் இருக்கும். உள்ளான்களுக்கு ஓர் அங்குலம்கூட மிஞ்சாது. நகருக்குள் உள்ள வேல்ராம்பட்டு ஏரியையும் கனகன் ஏரியையும் பார்க்கிறவர்கள் கரையின் சரிவு எங்கே மென்மையாக இருக்கிறதோ அங்கேதான் பறவை நிற்கிறது என்பதை ஒரே காலையில் கண்டுகொள்ளலாம். கரைப்பக்கம் ஆழப்படுத்திவிட்டு, மேற்கு உள்வாயை அப்படியே விட்டுவைப்பதில் நீர்க் கொள்ளளவும் பெரிதாகக் குறைவதில்லை. ஏனெனில் நீர் நிற்பதே கரைப்பக்கத்தில்தான்.

ஊசுட்டேரிக்கு வேறொரு சிக்கலும் உண்டு. ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரி பாதிக்குப் பாதி புதுச்சேரியிலும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலுமாகக் கிடக்கிறது. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008-இலும், தமிழ்நாடு அரசு தன் பகுதியை 2015-இலும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. சட்டப் பாதுகாப்பு இரு பக்கமும் இருக்கிறது. இருந்தாலும் நீருக்கு எல்லைக்கோடு கிடையாது. ஒரு பக்கத்தில் பரவும் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மறுபக்கம் போகாமல் நிற்பதில்லை. சேற்று விளிம்பைக் காட்டாமணக்குப் புதர் மூடிவிட்டால் அங்கே உள்ளான் இறங்காது. அதற்கு நாலாபுறமும் பார்வை வேண்டும், பருந்தும் வல்லூறும் வருவதைத் தொலைவிலேயே காண வேண்டும். படகுப் போக்குவரத்தும் இதே காரணத்தால் தீங்கு விளைவிக்கிறது. பகல் நேரத்தில் ஏரி நடுவே கூட்டமாக மிதந்து உறங்கும் வாத்துகளைப் பார்த்து அவை சும்மா இருப்பதாக நினைக்கிறோம். அவற்றுள் பல இரவில் சுற்றியுள்ள நெல்வயல்களுக்குப் பறந்து சென்று மேய்ந்துவிட்டு விடியலில் திரும்புபவை. பகலில் அவற்றைக் கலைத்து எழுப்புவது, இரவுப் பணி முடித்து வந்தவரை மணிக்கொருமுறை எழுப்புவதற்கு ஒப்பாகும்.

ஊசுட்டேரியைவிடப் பன்மடங்கு பெரியது, புதுச்சேரிக்கு வடக்கே வானூர், மரக்காணம் பகுதிகளில் விரிந்து கிடக்கும் கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்து தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர்ப் பரப்பு இதுவே. தென்மேற்குப் பக்கத்தில் நன்னீரும், உப்புக்கழி ஓடை வழியாக இடையன்திட்டுக் கழிமுகத்தோடு சேரும் வடகிழக்குப் பக்கத்தில் உவர்நீருமாக, ஒரே நீர்ப்பரப்பில் உப்பின் அளவு படிப்படியாக மாறுகிறது. 2021-இல் 5,151 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. மழைக்காலத்தில் கடல்போல் காணும் கழுவெளி, பங்குனியில் மாடு மேயும் வெளியாகிவிடும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கின்றன. எல்லா ஆண்டும் ஒரே எண்ணிக்கையில் வருவதில்லை. பக்கத்திலேயே மரக்காணத்து உப்பளங்கள் இருக்கின்றன. உப்பு எடுக்கும் பருவம் தொடங்கும்போது பாத்திகளில் தேக்கும் நீரின் ஆழம் சில அங்குலங்களே என்பதால், மற்ற இடங்களில் நீர் மிகுதியாக இருக்கும் நாட்களில்கூட உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் அங்கே நிற்க இடம் கிடைக்கிறது. தொழிலாளர்கள் வேலை செய்யும் இடம் அது. வரப்புகளில் நடக்கும் முன் அவர்களிடம் கேட்டுக்கொள்வதே முறை. எந்தப் பாத்தியில் நேற்றுக் கூட்டம் நின்றது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை.

தெற்கே கடலூர் மாவட்டத்தில் பெருமாள் ஏரியும் வாலாஜா ஏரியும் ஒரு தனிக் காரணத்தால் குறிப்பிடத்தக்கவை. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வெளியேற்றப்படும் நீர் அவற்றுக்கு வந்து சேர்வதால், மழை பொய்த்த ஆண்டிலும் அங்கே நீர் இருக்கும். 2022-இல் ராம்சார் தகுதி பெற்ற பிச்சாவரமும் அங்கிருந்து தொலைவில்லை. ஆனால் அலையாத்திக் காட்டின் பறவைகளைத் தனியாக எழுத வேண்டும்.

கடற்கரைக்கு வருவோம். புதுச்சேரி நகரின் கடற்கரைச் சாலையில் நடப்பவர்களுக்கு அங்கே ஏன் உள்ளான் கூட்டம் இல்லை என்பது புதிராக இருக்கக்கூடும். விடை 1989-ஐ ஒட்டிக் கட்டி முடிக்கப்பட்ட துறைமுகத்தில் இருக்கிறது. இந்தக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் எழுந்த இரு அலைதடுப்புச் சுவர்களும் அந்த மணலைத் தெற்கிலேயே தடுத்து நிறுத்தின. வடக்கே நகரின் முன்னால் இருந்த மணற்பரப்பு சில ஆண்டுகளில் கரைந்து, அதன் இடத்தில் கருங்கற்கள் கொட்டப்பட்டன. கல்லில் புழு இல்லை, நண்டு வளை தோண்ட இடமில்லை. அந்தக் கற்களுக்கு இடையே ஒற்றையாய் வால் ஆட்டிக்கொண்டு திரியும் சாதாரண உள்ளானையும், எப்போதாவது ஒரு கொக்கையும் தவிர வேறு கரைப்பறவைக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. 2018 அளவில் தலைமைச் செயலகத்தின் அருகே தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் அமைத்த நீருக்கடித் தடுப்பின் பயனாக ஒரு பகுதியில் மணல் மீண்டிருக்கிறது. ஆனால் அது மக்கள் கூடும் மணல். பறவை இறங்க அதிகாலை மட்டுமே மிஞ்சும்.

எனவே கரைப்பறவை பார்க்க விரும்புகிறவர் நகருக்குத் தெற்கே சுண்ணாம்பாற்று முகத்துவாரத்துக்கும், இன்னும் தெற்கே தென்பெண்ணை, கெடிலம் ஆறுகள் கடலோடு சேரும் இடங்களுக்கும் போக வேண்டும். மழைக்கால வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துத் திறக்கும். வெள்ளம் வடிந்தபின் அலைகள் மணலைத் திரும்பக் கொண்டுவந்து திட்டுகளாகக் குவிக்கும். இந்தத் திட்டுகளில் ஆலாக்கள் கூட்டமாக அமர்கின்றன. ஓரங்களில் உப்புக்கொத்திகள் ஓடி நின்று, ஓடி நின்று இரை பொறுக்குகின்றன. உள்ளான் அலகால் தடவித் தேடுவது. உப்புக்கொத்தியோ பெரிய கண்களால் பார்த்து எடுப்பது. அதனால்தான் அந்த ஓட்டமும் திடீர் நிறுத்தமும். இங்கே கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைத் தாண்டாது. குஜராத் கடற்கரையைப்போல் மைல் கணக்கில் சேறு திறப்பதில்லை. திறக்கும் குறுகிய பட்டையும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் சற்று அகலமாக இருக்கும். அந்த நாட்களில் வற்றம் எந்த நேரத்தில் என்பதை மீனவர் எவரிடமும் கேட்டறியலாம்.

கடற்காகங்களுக்கு வேறு கணக்கு. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் கரை சேரும் வேளையில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் படகைச் சூழ்ந்து பறக்கும். கோடையில் லடாக், திபெத் போன்ற உயர்நிலத்து ஏரிகளில் முட்டையிடும் பறவை இது. பெயருக்கு ஏற்ற பழுப்புத் தலை குளிர்காலத்தில் காணப்படாது. கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டுமே எஞ்சும். அதைப்போன்றே இருக்கும் கருந்தலைக் கடற்காகத்திடமிருந்து வளர்ந்த பறவையைப் பிரித்தறிய, வெளிறிய விழியையும், கறுத்த சிறகு முனையில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளையும் பார்க்க வேண்டும். மார்ச் மாதத்தில் பழுப்பு நிறம் முகத்தில் திட்டுத்திட்டாகப் படரத் தொடங்கினால் அது புறப்படப்போகிறது என்று பொருள்.

இனி பூங்காக்கள். ஏரியில் ஆயிரக்கணக்கில் பறவைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், நகரத் தோட்டத்தில் என்ன இருக்கும் என்று எண்ணுவது இயல்பே. என் கணிப்பில் புதுச்சேரியின் குளிர்காலத்தில் மிகச் செறிவான அனுபவம் கிடைப்பது தோட்டங்களில்தான். ஏனெனில் இங்கே பறவையை நெருக்கத்தில், அதன் வேலையில் ஈடுபட்டிருக்கும்போது பார்க்கலாம். 1826-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா, ஆளுநர் மாளிகையின் எதிரே உள்ள பாரதி பூங்கா, ஜிப்மர் வளாகம், காலாப்பட்டில் பல்கலைக்கழக வளாகத்து முந்திரித் தோப்புகள், 1968-இல் வெறும் செம்மண் மேடாகத் தொடங்கி இன்று காடாக நிற்கும் ஆரோவில் ஆகிய அனைத்தும் வலசை வரும் காட்டுப் பறவைகளுக்குத் தங்குமிடங்கள்.

செப்டம்பரில் முதலில் வருவதைக் கண்ணால் காண்பதைவிடக் காதால் அறிவதே எளிது. வேலியோரப் புதரிலிருந்து ‘டக், டக்’ என்று கூழாங்கற்களைத் தட்டுவதைப் போன்ற ஓசை வரத் தொடங்கினால் பிளித் நாணல் கதிர்க்குருவி வந்துவிட்டது. எடை 12 கிராம் அளவே உள்ள அந்தப் பழுப்புக் குருவி, பின்லாந்திலிருந்து ரஷ்யாவரை பரந்த நிலத்தில் கூடுகட்டிவிட்டு வந்து, ஏப்ரல் வரை ஏறத்தாழ அதே புதரிலேயே தங்கும். அதைப் பார்க்க அரைமணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். ஓசையை அறிந்துகொண்டால் நகரின் ஒவ்வொரு தெருவிலும் அது இருப்பது தெரியவரும். திறந்த இடங்களில் கம்பியின்மீது தனியே அமரும் பழுப்புக் கீச்சான், நெல்வயல்களில் மஞ்சள் வாலாட்டி, மாமரத்தின் உச்சியில் மாங்குயில், அரசும் ஆலும் பழுக்கும்போது இரைச்சலோடு வந்திறங்கும் சூறைக்குருவிக் கூட்டம் என்று பட்டியல் நீளும்.

ஆனால் மரத்தடிப் பறவைகளைப் பற்றியே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கொடிக்கால் வாலாட்டி கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து வருவது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் உடலின் பின்பகுதியைப் பக்கவாட்டில் அசைக்கும். தாவரவியல் பூங்காவின் பெரிய மரங்களுக்குக் கீழே, சருகு மூடிய நிழலில் ஒன்று நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டடி வைத்து நிற்கும்; ஒரு சருகின் விளிம்பை அலகால் பற்றிப் புரட்டிப் போடும்; அடியில் இருந்த சிறு பூச்சியை எடுக்கும்; மீண்டும் இடம் வலமாய் உடலை அசைத்தபடி இரண்டடி. மார்பில் இருக்கும் இரண்டு கரும்பட்டைகளும் சிறகின் வெள்ளைக் கோடுகளும் வெயிலும் நிழலும் விழுந்த சருகோடு கலந்து, அது நின்றுவிட்டால் கண்ணுக்குப் புலப்படாமல் போகும். அதே சருகில்தான் செந்தலைப் பூங்குருவியும் ஆறுமணிக்குருவியும் இரை தேடுகின்றன.

ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டி, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிப்பது. காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் இரட்டைச் சீழ்க்கையாக ஒலி எழுப்புவதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, நீலத் தோள், செந்நிற அடிவால் என்று இத்தனை நிறம் இருந்தும், புதரடியில் குனிந்து நிற்கும்போது எளிதில் தென்படாது. அக்டோபரில் இரவு முழுவதும் பறந்து களைத்து வந்து விடியலில் நகரத்தில் இறங்கும்போது, வெளிச்சத்தாலும் கண்ணாடிச் சன்னல்களாலும் குழம்பி வீட்டு முற்றத்திலும் மாடிப்படியிலும் விழுந்து கிடப்பதுண்டு. கண்டால், காற்றுப் போகத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் ஒரு துணி விரித்து உள்ளே விட்டு, மூடி, பூனையும் சத்தமும் எட்டாத இருட்டான இடத்தில் சில மணி நேரம் வைத்தாலே பெரும்பாலும் தேறிவிடும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். எழுந்து துள்ளத் தொடங்கியதும் மரங்கள் அடர்ந்த தோட்டத்தில் விட்டுவிடலாம். சிறகு தொங்கினால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

இந்த மூன்று பறவைகளும் நம்பியிருக்கும் சருகை நாள்தோறும் கூட்டி அள்ளி எரிப்பதோ குப்பை வண்டியில் ஏற்றுவதோ தான் பூங்காப் பராமரிப்பு என்று ஆகிவிட்டது. புல்தரை விரித்து, நீர் தெளித்து, ஒரு இலை விழாமல் காக்கப்படும் பூங்காவில் மைனாவும் காக்கையும்தான் இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நகரின் பெருமரங்களைச் சாய்த்தபோது நாம் இழந்தவற்றில் நிழல் மட்டுமே பேசப்பட்டது. அந்த மரங்களுக்குக் கீழே பல்லாண்டுகளாகச் சேர்ந்திருந்த மக்கிய மண்ணும் வெயில்பட்டுக் காய்ந்தது. மரத்தை நட்டுவிடலாம், அந்த மண் உருவாக இலை விழுந்து விழுந்து ஆண்டுகள் ஆக வேண்டும். ஒவ்வொரு பூங்காவிலும் நடைபாதையிலிருந்து விலகிய ஒரு மூலையில், அக்டோபர் முதல் மார்ச் வரையிலாவது துடைப்பம் படாமல் சருகை விட்டுவைப்பதற்குச் செலவே இல்லை.

புதர்க்காடும் இதே புறக்கணிப்புக்கு உள்ளாவது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் இருந்த இயற்கையாளர் பியர் சொன்னரா இங்கிருந்து விவரித்த பறவைகளுள் கவுதாரியும் ஒன்று. அந்த விவரிப்பைக் கொண்டு 1789-இல் ஜெர்மானிய அறிஞர் க்மெலின் அதற்கு இட்ட அறிவியல் பெயரில் ‘பாண்டிசெரியானஸ்’ என்ற சொல் இன்றும் நிற்கிறது. மரக்கீச்சான் என்ற சிறு பறவைக்கும் அதே சொல் உண்டு. நம் ஊரின் பெயரை உலகெங்கும் சுமக்கும் கவுதாரியை இன்று லாஸ்பேட்டை விமான நிலையத்தைச் சுற்றியும் காலாப்பட்டுப் பக்கமும் எஞ்சியிருக்கும் முட்புதர் வெளிகளில்தான் கேட்க முடிகிறது. அவை வீட்டுமனைகளாகும்போது எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. ஏரியைப்போல் அவற்றுக்குப் பெயர் இல்லை.

எண்ணிக்கை எடுப்பதில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஆர்வம் வளர்ந்திருப்பது நல்ல செய்தி. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு சனவரியிலும் நடக்கிறது. 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் ஊர்க் குளத்தடியில் கால்மணி நேரம் நின்று பார்த்தவற்றை இணையத்தில் பதிகிறார்கள். இந்தப் பதிவுகளைப் படிக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். பொங்கல் அன்று ஊசுட்டேரியில் வாத்து குறைவாக இருந்தது என்பதால் வாத்து குறைந்துவிட்டது என்று முடிவுகட்ட இயலாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்ததைப் போன்ற ஆண்டுகளில், தை பிறந்த பிறகும் உள்வாயெங்கும் நீர் ததும்பி நிற்கும். வந்த பறவைகள் வயல்களிலும் சிறு குட்டைகளிலும் உப்பளங்களிலும் சிதறிக் கிடக்கும். மழை பொய்த்த ஆண்டிலோ, எஞ்சிய ஒரே ஏரியில் சுற்றுவட்டாரப் பறவைகள் எல்லாம் குவிந்து, எண்ணிக்கை ஏறியதுபோல் காட்டும்.

இதனால்தான் பறவைப் பட்டியலோடு நீரின் நிலையையும் எழுதிவைக்க வேண்டும் என்று பார்வையாளர் நண்பர்களிடம் வலியுறுத்தி வருகிறேன். மதகுப் படியில் நீர் எதுவரை நிற்கிறது, கலங்கல் வழிகிறதா, உள்வாயில் சேற்று விளிம்பு தெரிகிறதா, தெரிந்தால் எவ்வளவு அகலம், ஆயக்கட்டில் நடவா அறுவடையா என்று நான்கு வரிகள் போதும். பூங்காவாக இருந்தால் சருகு கிடக்கிறதா, கூட்டப்பட்டதா என்று ஒரு வரி. சனவரியில் ஒருமுறை எடுக்கும் கணக்கை நவம்பர், பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் அதே இடத்தில் நின்று எடுத்தால், எந்த நீர்மட்டத்தில் எந்தப் பறவை வருகிறது என்பது சில பருவங்களிலேயே ஏரிவாரியாகத் தெரிந்துவிடும். பொதுப்பணித் துறையிடம் இந்தப் பக்கம் தோண்டுங்கள், அந்தப் பக்கத்தை விட்டுவையுங்கள் என்று கேட்கப் போகும்போது கையில் இருக்க வேண்டிய தாள் அதுவே.